இரைச்சலில்லாத பெட்டி

மகளுக்கு மூன்று வயது முடிந்தபோது, அவள் காதில் மாட்டியிருந்த மிஷினால் ஒரு பயனும் இல்லை என்பது எனக்கு உறுதியாகிவிட்டது. சட்டைக்குள் பையில் தொங்கும் சின்னப் பெட்டி, அதிலிருந்து காதுக்கு ஒரு ஒயர். சத்தத்தைக் கூட்டினால் வீலென்று அலறும். குறைத்தால், அது காதில் இருப்பதையே அவள் மறந்துவிடுவாள்.

ஆஸ்பத்திரியில் காது பரிசோதிக்கும் அம்மாள், நாங்கள் போகும்போதெல்லாம் ஒன்றையே சொன்னார். "கொஞ்சம் கேட்கிற சக்தி மிச்சமிருக்கும்மா. அதுக்கு சத்தம் பலமா போகணும், சுத்தமாவும் போகணும். இந்த வயசுல பேச்சு காதுல விழலேன்னா அப்புறம் ரொம்பக் கஷ்டம்."

அங்கே மேஜைமேல் வைக்கும் பயிற்சிப் பெட்டி ஒன்று இருந்தது. குழந்தைக்கு ஹெட்போன் மாட்டி, மைக்கில் பேசிப் பழக்குவார்கள். பாதி நாள் அது ரிப்பேர். மீதி நாள் கூட்டம். நாமே ஒன்று செய்துவிட்டால் என்ன என்று தோன்றியது. நான் பெண்கள் கல்லூரி ஒன்றின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்தேன். டிரான்சிஸ்டரில் செய்திருந்தால் சீக்கிரம் முடிந்திருக்கும் என்று பிறகு பலர் சொன்னார்கள். எனக்குக் கைவந்தது பழைய ரேடியோக்களுக்குள் கண்ணாடிக் குழாயாக எரியும் வால்வுதான். கல்லூரியில் கழித்துப் போட்ட வால்வுகளும் கிடைத்தன.

சாந்தோமில் ஒரு சந்துக்குள் குடியிருந்தோம். மாடியிலிருந்த வீட்டுக்காரம்மா விஷயம் தெரிந்ததும் ஒரு பழைய ரேடியோவை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிக்கொண்டு படியிறங்கி வந்தார்.

"எங்க வூட்டுக்காரர் வாங்கினது. சும்மா தூசி புடிச்சிக்கினு கீது. கொழந்தைக்கு ஒதவுதுன்னா பிரிச்சிக்கோ."

அதிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர்களை எடுத்துக்கொண்டேன். தி.நகர் ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்த என் கணவருக்கு இது துளியும் பிடிக்கவில்லை. நாங்கள் இருவருமே திருநெல்வேலிப் பக்கம். கோபம் வந்தால் அவர் பேச்சில் ஊர் ஏறிவிடும்.

"என்னத்தப் பண்ணுத நீ? பிள்ள காதுல கரண்ட மாட்டப் போறியா?"

"கரண்டு காதுக்குப் போகாதுங்க. நடுவுல டிரான்ஸ்ஃபார்மர் இருக்கு. மொதல்ல நான் மாட்டிப் பாக்கேன், அப்புறந்தான் அவ."

அப்படியே செய்தேன். ஹெட்போனை மாட்டியதும் 'உம்ம்ம்' என்று ஒரே இரைச்சல். மைக்கில் பேசினால் என் குரல் அதற்குள் முங்கி முங்கி வந்தது. ஆனாலும் பொறுக்க முடியாமல் மகளுக்கு மாட்டினேன். அவள் சட்டென்று அசையாமல் நின்றாள். இரண்டு கைகளையும் ஹெட்போன்மேல் வைத்துக்கொண்டாள். கண்கள் விரிந்தன. அப்படி ஒரு முகத்தை அதுவரை அவளிடம் நான் பார்த்ததில்லை. "அம்மா, அம்மா" என்று மைக்கில் சொல்லிக்கொண்டே அழுதேன்.

இத்தனை இரைச்சலுக்கு நடுவிலேயே என் குரல் கேட்கிறதென்றால், இரைச்சல் போய்விட்டால்? அந்த நினைப்பு என்னைப் பிடித்து ஆட்ட ஆரம்பித்தது. வால்வைச் சூடாக்கும் ஒயர்களை முறுக்கிப் பார்த்தேன். பிறகு அதற்கு டிசி மின்சாரம் கொடுத்தேன். பிஸ்கட் டின்னை வெட்டி வால்வைச் சுற்றி மறைப்பு வைத்தேன். எர்த் ஒயர்களையெல்லாம் பிரித்து ஒரே இடத்தில் சேர்த்துப் பற்றவைத்தேன். ஒவ்வொன்றுக்கும் இரைச்சல் கொஞ்சம் குறையும்; குறைந்ததும் அதற்கு அடியிலிருந்து இன்னொன்று கிளம்பும். அடுப்பில் சோறு கருகியது. கல்லூரியில் மாணவிகளுக்குத் தப்பான மீட்டரை எடுத்துக் கொடுத்தேன். தெருவில் மகள் வயதுக் குழந்தை ஏதாவது "எனக்கு ஐஸ் வேணும்" என்று அடம்பிடித்தால் அந்த இடத்தைவிட்டு ஓடிவந்துவிடுவேன். நாள் போகிறது, வயது போகிறது என்று உள்ளே ஒன்று அடித்துக்கொண்டே இருந்தது.

கடைசியில் மின்சாரப் பகுதி முழுவதையும் தனிப் பெட்டியாக்கித் தள்ளிவைத்தேன். அது ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஹெட்போனை மாட்டி, சத்தத்தை முழுதாகக் கூட்டினேன். எதுவுமே இல்லை. பெட்டி ஓடுகிறதா என்றே சந்தேகம். மைக்கை விரலால் தொட்டேன், இடி இடித்தது.

மகளை மடியில் உட்காரவைத்து, சத்தத்தை அளவாகக் குறைத்து மாட்டினேன். "அம்மா," என்றேன். அவள் காத்திருந்தாள். "இங்க பாரு, அம்மா." என் வாயைப் பார்த்தாள். பெட்டியைப் பார்த்தாள். ஹெட்போனைக் கழற்றி, உள்ளே எட்டிப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொண்டாள். பிறகு பெட்டியை உள்ளங்கையால் அடித்தாள். அடித்து அடித்து, ஏங்கி அழ ஆரம்பித்தாள்.

எனக்கு மெல்லத்தான் விளங்கியது. எர்த் ஒயரைப் பிடுங்கினேன். இரைச்சல் திரும்ப வந்தது. அழுகை நின்றது. இரண்டு கைகளும் ஹெட்போன்மேல் போயின.

இத்தனை நாளும் அவள் கேட்டது என் குரலை அல்ல. நான் ஒழிக்கப் பாடுபட்ட அந்த இரைச்சலைத்தான்.

கணவர் வாசற்படியில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். "அழாத. அந்த இரைச்சலாவது கேக்குல்லா?" என்றார். ஆறுதலுக்குத்தான் சொன்னார். கையிலிருந்த ஸ்குரு டிரைவரைச் சுவரில் விட்டெறிந்தேன்.

மறுநாள் காது பரிசோதிக்கும் அம்மாளிடம் ஓடினேன். அவர் நிதானமாகக் கேட்டுக்கொண்டார். "ரொம்பத் தாழ்ந்த சத்தம் மட்டும் தெரியுது. அதுவும் கேட்கிறாளா, இல்ல காதோரம் அதிர்றத உணர்றாளான்னு என்னால சொல்ல முடியலம்மா."

"என் குரல்?"

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அதற்குப் பிறகும் நான் விடவில்லை. தொண்டையைக் கட்டையாக்கி ஆண் குரலில் பேசிப் பார்த்தேன். கணவரைப் பேசச் சொன்னேன். கடையிலிருந்து கால்கடுக்க வந்த மனிதர், மைக்கைப் பிடித்துக்கொண்டு "அம்மா சொல்லு, அப்பா சொல்லு" என்று அடித்தொண்டையில் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒரு மாலை மகள் ஹெட்போனை இரண்டு கையாலும் தள்ளிவிட்டு, எழுந்துபோய்ச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். கணவர் மைக்கைக் கீழே வைத்தார். "போதும்ட்டி. பிள்ளைக்கு நம்மளப் பாத்தாலே பயமா இருக்கு," என்றார்.

அடுத்த மாதம் அவளைக் காது கேளாத குழந்தைகளுக்கான பள்ளியில் சேர்த்தோம். உதட்டைப் பார்த்துப் பேசப் பழக்கும் பள்ளி அது. கையால் பேசக்கூடாது என்பது விதி. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பியதும் எல்லாக் குழந்தைகளும் கையால்தான் பேசினார்கள். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தேன். என் மகள் வாயைப் பிளந்துகொண்டு ஒவ்வொரு கையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில வாரம் கழித்து, நொச்சிக்குப்பம் ரோட்டோரமாக நடந்து வரும்போது என் சேலையை இழுத்தாள். உள்ளங்கையை நிமிர்த்தி, வளைத்து வளைத்து முன்னால் கொண்டுபோனாள். நான் விழித்தேன். மறுபடியும் செய்தாள். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. என் முகவாயைப் பிடித்து ரோட்டோரம் திருப்பினாள். ஒரு அம்மாள் பலகைமேல் சங்கராவைப் பரப்பி, தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தாள்.

"இன்னாம்மா, கொழந்த மீனு கேக்குதே, தெரில?" என்றாள்.

அரைக் கிலோ வாங்கினேன்.