சுண்ணாம்பு பட்ட கண்ணும் பனிக்குடத் தோலும்

கண் வார்டில் கட்டுக் கட்டுவது என்றால், நம்மைப் பார்க்க முடியாதவர்களிடம் நாள் முழுக்கத் திட்டு வாங்குவது. ஆஸ்பத்திரியில் காலம் தள்ளியவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. வெள்ளைக்காரன் கிளம்புவதற்குச் சற்று முந்திய வருஷங்களில், சித்தூரில் ஒரு சிறிய மிஷன் ஆஸ்பத்திரியில் எனக்கு அந்த உத்தியோகம்.

கழுவல்

முனுசாமி ரேணிகுண்டாவில் வெள்ளையடிப்பவர். தண்ணீர் விட்டு நீற்றும்போது கொதித்த சுண்ணாம்பு வலது கண்ணில் தெறித்துவிட்டது. வீட்டில் விளக்கெண்ணெய் விட்டுக் கட்டி, மறுநாள்தான் ரயிலேற்றினார்கள். இடது கண் சிறு வயதிலேயே அம்மையில் போனது. ஒட்டியிருந்த துகள் போகும்வரை பொறுமையாகக் கழுவினேன். அவருக்குப் பொறுமை இல்லை.

"இருக்கறது ஒண்ணு. அதுவும் போய்க்கினு கீது. நீ இன்னா சார், துளசிக்கு ஊத்தறாப்பல ஊத்திக்கினு கீறே."

சட்டி

கருவிழியின் மேல்தோல் வெந்திருந்தது. குழந்தையைச் சுற்றியிருக்கும் பனிக்குடத்தின் மெல்லிய தோலைக் கழுவி, அதன்மேல் போர்த்தித் தைத்தால் ஆறும் என்று எங்கள் வார்டு டாக்டரம்மா சீமைப் பத்திரிகையில் படித்திருந்தார். அதைக் கேட்டு வாங்கிவர எதிரிலிருந்த பிரசவ வார்டுக்கு என்னை அனுப்பினார்.

அங்கே, மனைவிக்கு அப்போதுதான் பிரசவமாகியிருந்த கார்வேட்டிநகரத்து கோவிந்தன் புதுச்சட்டியும் மஞ்சளுமாக நின்றிருந்தார். அந்தத் தோலோடு சேர்ந்து விழும் நஞ்சுக்கொடியைக் கொண்டுபோய் வீட்டுக் கொல்லையில் புதைப்பது அவர்கள் வழக்கம். தோலை எவனோ கண்ணில் போட்டுக்கொண்டால், அவன் பார்ப்பதெல்லாம் தன் பிள்ளைக்குக் கனவில் வருமே என்று பயந்தார். நான் அவரைக் கூட்டிப்போய் வாசலிலிருந்து முனுசாமியைக் காட்டினேன். கோவிந்தன் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"தோலை எடுத்துக்கோ சார். மத்ததெல்லாம் கொறையாம சட்டிக்கு வந்துடணும்."

காத்திருப்பு

வைத்த தோல் ஒரு வாரத்தில் கரைந்துவிட்டது. புண் பாதிதான் ஆறியிருந்தது. இன்னொன்று வேண்டும். அந்த வாரம் பார்த்து ஒருத்திக்கும் வலி எடுக்கவில்லை. இமை விழியோடு ஒட்டிக்கொண்டால் எல்லாம் வீண் என்று மணிக்கொரு தரம் பிரசவ வார்டை எட்டிப் பார்த்தேன். கட்டுப்போட்ட கண்ணோடு படுத்திருந்த முனுசாமியின் காது மட்டும் எதிர் வார்டிலேயே இருந்தது.

"ஒரு அம்மா கத்திக்கினு கீது. ஓடு சார், நம்மளுக்குத்தான் போலக்குது."

கட்டுப் பிரிப்பு

அது நமக்குத்தான். இரண்டாவது தோலும் வைத்து, பத்து நாள் கழித்துக் கட்டைப் பிரித்தேன். டாக்டரம்மா விரல்களைக் காட்டினார். முனுசாமி விரல்களைத் தாண்டி எதிர்ச் சுவரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எவன் சார் இதுக்கு வெள்ளையடிச்சது? அந்த மூலைல ரெண்டாவது தரம் அடிக்கவே இல்ல."

டாக்டரம்மா சிரித்தார், எனக்குக் கண் கலங்கிவிட்டது; அதற்கு முந்திய கிறிஸ்துமஸுக்கு அந்த மூலையை அடித்தவன் நான்தான் என்று மட்டும் இன்றுவரை யாரிடமும் மூச்சு விடவில்லை.