மூன்று நிமிடக் கம்பனி

பள்ளிக்கூடத்தில் நான் வென்ற நாள் ஒன்றே ஒன்றுதான். பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, பழம் பறிக்கத் தோட்டம் தோட்டமாக அலைகிறவளுக்கு அது போதும்.

அப்போது குவேக்கர்ஸ் ஹில் என்ற புறநகரில் இருந்தோம். எனக்குப் பத்து வயது. ஏதாவது ஒரு கம்பனியின் வரலாற்றை வகுப்பில் மூன்று நிமிடம் ஆங்கிலத்தில் சொல்ல வேண்டும். முடியாவிட்டால், நாட்டுக்குப் புதிதாக வந்த பிள்ளைகளின் ஆங்கில வகுப்பில் இன்னொரு வருடம். மற்றவர்கள் கார், கைப்பேசிக் கம்பனிகளைப் பிடித்துக்கொண்டார்கள். எனக்கு வாய்த்தது, அப்பா தெருவோரக் குப்பையில் எடுத்துவந்த பழைய ஜப்பான் கமரா. நூலகக் கணினியில் தேடியதில் ஐந்து வரி கிடைத்தது. போருக்குப் பிறகு டோக்கியோவில் யாரோ தொடங்கினார், இரண்டு வகைக் கமரா செய்தார், சில வருடங்களில் மூடிவிட்டார்.

“நிண்டு பிடிச்ச கொம்பனி ஒண்டும் கிடைக்கேல்லையோ?” என்றார் அம்மா.

“கொம்பனிதான் செத்தது, கமரா சாகேல்லை,” என்று அப்பா அதை ஒருமுறை சொடுக்கிக் காட்டினார்.

வகுப்பில் அந்த ஐந்து வரிகளும் அரை நிமிடத்தில் தீர்ந்துவிட்டன. ஆசிரியை மணிக்கூட்டைப் பார்த்தார். “தட்ஸ் இட்?” என்று பின்வரிசையில் ஒருவன் சிரித்தான்.

கமராவை இறுகப் பிடித்துக்கொண்டு, அந்த முதலாளிக்குப் பிறகு என்ன நடந்தது என்று சொல்லத் தொடங்கினேன். அவருடைய கடையில் குண்டு விழுந்தது. மனைவியையும் மகளையும் கூட்டிக்கொண்டு படகேறினார். பதினாறு நாள் கடல். முகாமில் சாப்பாட்டுக்கு வரிசையில் நின்றார். இப்போது தொழிற்சாலையில் கோழி வெட்டுகிறார். எல்லாம் அப்பாவின் கதை. கிளிநொச்சியில் ஸ்டூடியோ வைத்திருந்தவர் அவர்தான். எனக்கு வேறு கதை தெரியாது.

மூன்று நிமிடம் முடிந்தும் நான் நிறுத்தவில்லை. ஆசிரியையும் நிறுத்தச் சொல்லவில்லை. வகுப்பே கைதட்டியது. சிரித்தவன் கமராவைத் தொட்டுப் பார்க்கக் கேட்டான். கொடுக்கவில்லை.

வீட்டில் எல்லாவற்றையும் ஜப்பான்காரர் கதையாகவே மறுபடி சொன்னேன். அம்மா பாதியில் எழுந்து குசினிக்குள் போய்விட்டார். அப்பா மட்டும் கதிரையை இழுத்துப்போட்டுக் கேட்டார்.

“பிறகு என்ன பிள்ளை? அந்தாள் திரும்பக் கடை திறந்தவரோ?”

“ஓம் அப்பா. பெரிய கடை.”

“எவ்விடத்தில?”

“ஸ்டேசனுக்குப் பக்கத்தில.”

“ஆக்கள் வருகினமோ?”

“நிறைய.”

அவர் மெல்லத் தலையாட்டினார். தன் கதை என்றுகூடத் தெரியாமல் அப்பா ஏமாந்துவிட்டார் என்று எனக்கு ஒரே பெருமை.