ஒரு மணி என்று போட்ட நோட்டீஸ்

போன கிழமை கிழக்கு லண்டன் பிளேஸ்டோவில் நடந்து போகும்போது, மூடிக் கிடந்த ஒரு பப்பின் கார்ப்பெட்டைச் சுருட்டி இரண்டு பேர் வெளியே எறிந்துகொண்டிருந்தார்கள். வீடுகள் கட்டப் போகிறார்களாம். பல வருஷத்துப் பியரும் சிகரெட் புகையும் ஊறிய மணம். மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போக, நான் அப்படியே நின்றுவிட்டேன். எனக்கு ரஞ்சனின் ஞாபகம் வந்தது. கேள்விப்பட்டால் கோபிப்பான், சொல்லிவிடாதீர்கள்.

இரண்டாயிரத்து மூன்று, நான்கு அளவில் இதே பிளேஸ்டோவில் நானும் அவனும் ஒரே அறையில் இருந்தோம். எனக்கு சுப்பர்மார்க்கெட்டில் பெட்டி அடுக்கும் வேலை, அவனுக்குப் பெற்றோல் ஸ்டேஷன். மூன்றாவது ஆள் அவனுடைய கிற்றார். அவனுக்குக் கன்ட்ரி பாட்டென்றால் பைத்தியம். ரெயில், லொறி, விட்டுப்போன காதலி: அமெரிக்கக் கிராமத்தார் இவற்றைத் தவிர வேறொன்றையும் பாடுவதில்லை என்பது என் அபிப்பிராயம். சின்ன வயதில் யாழ்ப்பாணத்தில் ரேடியோ கேட்டுப் பிடித்த வியாதியாம். அந்தப் போக்கிலேயே தமிழிலும் பாட்டுக் கட்டுவான். குரோய்டனில் அகதி விண்ணப்பத்துக்காக நானும் அவனும் வரிசையில் நின்ற ஒரு காலையைப் பற்றியும் ஒன்று கட்டி வைத்திருந்தான்.

கட்டி என்ன? கேட்க ஆள் வேண்டுமே. கலியாண வீடுகளுக்குக் கூப்பிடுவார்கள், சினிமாப் பாட்டுக்கு. சொந்தப் பாட்டைத் தொடங்கினால் இரண்டாவது வரியில் யாராவது காதுக்குள் வந்து, "தம்பி, சாப்பாடு தொடங்கியாச்சு, சனம் எழும்பப் போகுது. ஒரு சினிமாப் பாட்டை எடுத்து விடும்" என்பார். சோற்றோடு போட்டியிட்டு வென்ற பாடகன் எங்கள் இனத்தில் இன்னும் பிறக்கவில்லை.

அப்போதுதான் லண்டனுக்கு வெளியே கென்ற் பக்கம் ஒரு கன்ட்ரி கிளப்பை நடத்திய மோரீன் என்ற பெண்மணி, ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அரை மணித்தியாலம் பாட இடம் கொடுத்தார். சரியாக வந்தால் சுற்றுவட்டாரக் கிளப்புகளுக்கெல்லாம் சொல்லுவாராம். உன் ஆட்களையும் கூட்டி வா என்றாராம். ரஞ்சன் கட்டிலில் இருந்து என்னிடம் சொன்னான்: "மச்சான், இதுவும் சரிவராட்டி கிற்றாரை வித்துப்போட்டு ரெண்டாவது வேலைக்குப் போறன். இனி ஏலாது." அவன் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

ஆட்களைக் கூட்டுவது என் பொறுப்பு. நம்மவர் சங்கதி உங்களுக்குத் தெரியாததா? நோட்டீசில் ஐந்து மணி என்றால் ஏழுக்குத்தான் சேலை உடுக்கத் தொடங்குவார்கள். ஆகவே ஊரே செய்யும் கெட்டித்தனத்தை நானும் செய்தேன். மூன்றுக்கு வந்து சேரட்டும் என்று, நோட்டீசில் ஒரு மணி என்று அடித்துத் தமிழ்க் கடைகளில் வைத்தேன். ரஞ்சனிடம் மூச்சுவிடவில்லை.

சனம் வேறு கணக்குப் போட்டிருந்தது. வெள்ளைக்காரரின் இடம், பிந்திப் போனால் மானம் போய்விடும் என்று அன்றைக்கென்று பார்த்து நேரத்துக்கு வந்துவிட்டார்கள்! நாங்கள் இரண்டேகாலுக்குப் போனபோது, பூட்டிய ஹோலுக்கு முன்னால், கார் பார்க்கில், ஊதல் காற்றில் நாற்பது பேர். பட்டுச்சேலைகள், கோட்டுகள், அழுகிற குழந்தைகள். விம்பிள்டனிலிருந்து ரெயில் மாறி மாறி வந்த ஓர் அன்ரி, "நோட்டீசில ஒரு மணியெண்டு போட்டது ஆர்?" என்று கேட்டார். நான் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினேன். அது ஏற்கெனவே நன்றாகத்தான் கட்டியிருந்தது. இரண்டு மூன்று பேர் காரை ஸ்டார்ட் பண்ணிவிட்டார்கள்.

"என்ன மச்சான் செய்து வைச்சிருக்கிறாய்?" ரஞ்சன் கேட்டது அவ்வளவுதான். பிறகு கிற்றாரை எடுத்து, என் காரில் சாய்ந்து நின்று பாடத் தொடங்கினான். சினிமாப் பாட்டில்லை, குரோய்டன் பாட்டு.

"பேரைக் கூப்பிடு துரையே, பிழையாய்த்தான் கூப்பிடு,
போ எண்டு மட்டும் சொல்லாதை, போக இடமில்லை."

மைக் இல்லை. எழும்பிப் போகச் சாப்பாடும் இல்லை. முதல் தடவையாக நம்மவர் அவனுடைய பாட்டொன்றை முழுதாகக் கேட்டார்கள். ஸ்டார்ட் பண்ணிய கார்கள் ஒவ்வொன்றாக நின்றன. நோட்டீஸ் போட்டவனைத் தேடிக்கொண்டிருந்த அன்ரி தேடுவதை விட்டுவிட்டு, "நானும் அந்த லைன்ல நிண்டனான்" என்று பக்கத்தில் நின்றவரிடம் சொன்னார்.

இதற்குள் மோரீன் வந்துவிட்டார். ஒரு சொல்லும் விளங்காமல், திறப்புக் கோர்வையைக் கையில் பிடித்தபடி, பாட்டு முடியும்வரை கதவைத் திறக்காமல் நின்றார். ரஞ்சன் அமெரிக்க உச்சரிப்பில் ஐந்து பாட்டுகள் பாடமாக்கி வைத்திருந்தான். அவர், உள்ளே வந்து முதலில் இதைப் பாடு என்றார்.

பாடினான். அதன்பிறகு மூன்று வருஷம் கென்ற்றிலும் எஸெக்ஸிலும் எங்களுக்குத் தெரியாத ஹோல் இல்லை; எல்லாவற்றிலும் பியரும் புகையும் ஊறிய அதே கார்ப்பெட் மணம். மடியில் ரோட் மேப்பை விரித்து நான் வழி சொல்ல, சொன்ன வழி பிழைக்க, அவன் திட்ட, எப்படியோ போய்ச் சேருவோம். பிறகு பெற்றோல் ஸ்டேஷனையும் விட்டான். எல்லாம் என் நோட்டீசால் வந்தது என்று நான் இன்றைக்கும் சொல்லுவேன். காகம் இருக்கப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் காகத்துக்கும் ஒரு பெருமை வேண்டாமா?

இப்போது மோரீன் இல்லை. ஹோலை இடித்துவிட்டார்கள். பாதிக் கிளப்புகள் மூடிவிட்டன. மேப் புத்தகம் யாருக்கும் தேவையில்லை. ரஞ்சனுக்குக் கென்ற்றில் வீடு, கூட வாசிக்க இரண்டு வெள்ளைக்காரர். அந்தப் பக்கத்தார் அவனைத் தங்கள் ஊர்ப் பாட்டுக்காரன் என்கிறார்கள். போன மாதம் குரோய்டன் பாட்டைப் பாடிவிட்டு இறங்கியபோது, இங்கே பிறந்த ஒரு சின்னப் பிள்ளை, "அங்கிள்" என்று கூப்பிட்டு, அந்த வரிசையில் நிற்க ஏன் அவ்வளவு பயந்தீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டது. ரஞ்சன் தலையைச் சொறிந்தான். என்னைப் பார்த்தான்.

"மறந்துபோச்சு, பிள்ளை."

பொய்யில்லை. வீடு வந்து நானும் யோசித்துப் பார்த்தேன். குளிர் ஞாபகம் வந்தது. கையில் கசங்கிய கடிதம் வந்தது. முன்னால் நின்றவரின் சப்பாத்துக் கூட வந்தது. எவ்வளவு தேடியும் அந்தப் பயம் மட்டும் வரவேயில்லை.