பட்ஜெட்டில் இருக்கும் வீடு

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடப் படிப்பை முடித்து, பேராதனைப் பல்கலைக்கழகம்வரை போன முதல் ஆள் நான். அதனால் பட்ஜெட் பேச்சை எங்கள் தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துக்கு விளக்கிச் சொல்வதும் என் வேலைதான். அந்த வருஷமும் அம்மாவிடம் போனில் பெருமையாகச் சொன்னேன்: "தோட்டத்து ஆளுங்களுக்கு வீடு கட்ட காசு ஒதுக்கியிருக்காங்கம்மா."

அடுத்த வாரமே மழை பிடித்துக்கொண்டது. லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்குப் பின்னால் மண்மேடு கை நுழையும் அளவுக்கு வெடித்திருக்கிறது என்று பக்கத்துக் காம்பரா அக்கா போன் செய்தாள். லயமே கீழே பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டது, அம்மா மட்டும் அசையவில்லை என்றாள்.

ஊருக்குப் போகும் புசல்லாவை பஸ்ஸில் ஏறினேன். வழி நெடுகப் புதிதாகத் தார் போட்ட காப்பெட் ரோட்டு. போன பட்ஜெட்டில் ரோட்டுக்குச் சொன்னது ரோட்டில் கிடந்தது. வீடு அந்தப் பேச்சிலும் இருந்தது, அதற்கு முந்தையதிலும் இருந்தது. பேச்சில் எல்லோரும் இருந்தோம். செலவில் யார் இருந்தார்கள் என்பது ஜன்னல் வழியாகத் தெரிந்தது.

அம்மா இஸ்தோப்புத் திண்ணையில் உட்கார்ந்து அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"கெளம்பும்மா."

"வீடு வருதுன்னு நீதானே புள்ள சொன்ன? பேர் எழுத வர்றவங்க பூட்டுன காம்பராவப் பாத்தா, ஆள் இல்லன்னு வெட்டிட்டுப் போயிருவாங்க."

"இந்த மழையில யாரும்மா வருவா?"

"நாம இல்லாத நேரமாப் பாத்துத்தான் வருவாங்க. பேராதனையில இதெல்லாம் சொல்லித் தரலயா?"

பின்பக்கத் தகரத்தில் மண் பொலபொலவென்று விழுந்தது. அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தேன்.

"வீடு பட்ஜெட்டுலதாம்மா இருக்கு! வேற எங்கயும் இல்ல!" என்று கத்தினேன்.

அம்மா எழுந்து இரண்டு சேலைகளை நனைத்து இஸ்தோப்புக் கொடியில் போட்டாள். வாசலில் பழைய செருப்பை வைத்தாள். பல்பைப் போட்டாள். கதவைப் பூட்டாமல் சாத்தினாள். ஆள் இருக்கிற வீடு மாதிரி ஆக்கிவிட்டுத்தான் என்னோடு இறங்கினாள்.

பள்ளிக்கூட ஜன்னலிலிருந்து பார்த்தால், மேலே எங்கள் பல்பு மட்டும் மங்கலாகத் தெரிந்தது. அம்மாவுக்குத் தூரத்தில் இருப்பது தெரியாது. மழை வலுக்கும்போதெல்லாம் கேட்டாள்: "எரியுதா?"

"எரியுதும்மா."

பொழுது சாய்ந்ததும் பனி இறங்கி மலையே மறைந்துபோனது. அம்மா மறுபடியும் கேட்டாள். மண் சரியும்போது எப்படிச் சத்தம் வரும் என்று எனக்குத் தெரியாது. காதை அந்தப் பக்கமே கொடுத்துக்கொண்டு, "எரியுதும்மா," என்றேன்.