உப்புத் தண்ணீர்ப் பேசின்

எங்கள் வீட்டுக் குழாயடியில் ஒரு பழைய பேசின் கிடக்கிறது. வெள்ளைப் பூச்சு, விளிம்பில் நீலக் கோடு, பூச்சு பெயர்ந்த இடங்களில் துரு. கல்யாணமாகி வந்த புதிதில் மருமகள் அதில் கீரை அலசப் போனாள். என் மனைவி வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். "அதுல வேணாம்மா" என்றாளே தவிர, காரணம் சொல்லவில்லை. சொல்லக்கூடிய காரணமா அது? ஜப்பான்காரன் இந்த நாட்டைப் பிடித்து ஆண்ட காலத்தில் தினமும் காலையில் நான் அம்மணமாக உட்கார்ந்து எழுந்த பேசின். கொடுத்தவர் எங்கள் தேயிலைத் தோட்டத்து ஆஸ்பத்திரியின் டிரஸ்ஸர். டாக்டர் எப்போதாவது மலையேறி வருவார். மற்ற நாட்களில் புண்ணுக்கு மருந்து போடுவது முதல் பிரசவம் பார்ப்பது வரை எல்லாம் டிரஸ்ஸர் கைதான்.

எனக்கு வந்தது பவுத்திரம். பெயர் என்னவோ கௌரவமாகத்தான் இருக்கிறது, வந்த இடம்தான் வெளியே சொல்ல முடியாதது. ஆசனவாய்க்குப் பக்கத்தில் கட்டி வந்து உடையும். உடைந்த இடம் மூடாமல் உள்ளே வழி பிடித்துக்கொள்ளும். சீழ் வடிந்துகொண்டே இருக்கும். நான் ஃபாக்டரியில் இலை அரைக்கும் மெஷினில் நின்று செய்கிற வேலையில் இருந்ததால் கொஞ்ச நாள் மறைக்க முடிந்தது. பிறகு நடையே காட்டிக்கொடுத்துவிட்டது. அதற்குள் வெள்ளைக்காரத் துரைமார்கள் ஓடிப்போயிருந்தார்கள், டாக்டரும் போய்விட்டார். மிச்சமிருந்த மயக்க மருந்தை வைத்துக்கொண்டு டிரஸ்ஸரே அறுத்தார். டாக்டர் செய்யும்போது கூட நின்று பார்த்தது அவருக்கு மறக்கவில்லை. நன்றாகவே செய்தார். அதை நான் எந்தக் காலத்திலும் மறுத்ததில்லை.

அறுப்பது ஒரு நாள் வேலை, ஆறுவதுதான் பெரும்பாடு என்று அப்போதுதான் தெரிந்தது. காலையில் வெந்நீரில் உப்புப் போட்டுப் பேசினில் உட்கார வேண்டும். பிறகு நான் குப்புறப் படுக்க, டிரஸ்ஸர் துணித் திரியைப் புண்ணின் அடிவரை தள்ளி வைப்பார். உயிர் போய் வரும். "மேல மூடுறதுக்குத்தான் இது அவசரப்படும், விடக்கூடாது. அடியிலேருந்து ஆறி வரணும்லா" என்பார் ஒவ்வொரு முறையும். ஆஸ்பத்திரியில் துணி தீர்ந்தபோது என் மனைவி எங்கள் கல்யாண வேட்டியைக் கிழித்து, அவித்து, திரி செய்து கொடுத்தாள். தோட்டமே சாக்கு உடுத்தத் தொடங்கியிருந்த சமயம் அது. உப்பும் கிடைக்கவில்லை. கிடைத்த உப்பு குழம்புக்கா பேசினுக்கா என்றால் அவளுக்குப் பேசினுக்குத்தான். இரண்டு பேரும் ஊபி என்கிற மரவள்ளிக் கிழங்கை உப்பில்லாமல் தின்றோம். எங்களைப் பார்த்து டிரஸ்ஸர் தன் வீட்டு உப்பில் ஒரு பிடி மடித்துக் கொண்டுவந்த நாளும் உண்டு. அண்ணன் தம்பி இல்லாத எனக்கு அவர் அப்படித்தான் ஆகியிருந்தார்.

அப்போதுதான் ஜப்பான்காரர்கள் சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கத் தொடங்கினார்கள். போனவர்களில் ஒருவரும் திரும்பவில்லை, கடிதமும் இல்லை. தோட்டத்தில் ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள்: ஃபாக்டரியிலிருந்து ஆள் கேட்டால் பிள்ளை இல்லாதவன்தான் முதலில் போக வேண்டும், அதிலும் மூத்தவன் முந்தி. நோயாளி என்று டிரஸ்ஸர் சொன்னால் அவனை விட்டுவிட்டு அடுத்தவன். ஃபாக்டரியில் பிள்ளை இல்லாதவர்கள் என்று மிஞ்சியது இரண்டே பேர். ஒன்று நான். இன்னொன்று டிரஸ்ஸரின் தம்பி. என் புண் என்னைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது என்று நினைத்தேனே ஒழிய, அது யாரைக் காட்டிக்கொடுக்கும் என்று யோசிக்கவே இல்லை. அவர் யோசித்திருக்கிறார்.

ஒரு காலையில் திரி வைக்கும்போது வலிக்கவில்லை. வழக்கமாகப் பல்லைக் கடிக்கும் நேரத்தில் வேலை முடிந்து எழுந்துவிட்டார். மறுநாளும் அப்படியே. திரி வாசலோடு நிற்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. ஆறி வருகிறது, அதனால்தான் வலி இல்லை என்று பூரித்துப்போனேன். கொஞ்ச நாளில் தோல் மூடிக்கொண்டது. "இனிமே திரி வேணாம். ஆறிப்போச்சு" என்றார். என் மனைவி அவர் காலில் விழுந்தாள். எங்களிடம் ஒரே ஒரு கோழி, முட்டையிடுகிற கோழி, அதைக் கூடையோடு கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை, வாங்கிக்கொண்டார்.

அடுத்து ஆள் கேட்டபோது காலைப் பெரட்டில், பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்தில், எல்லோரையும் நிறுத்தினார்கள். ஃபாக்டரியில் யார் என்று கணக்கெழுதுகிற கிராணி கேட்டார். டிரஸ்ஸர் என்னைப் பார்க்கவில்லை, மண்ணைப் பார்த்தார். "அவனுக்கு ஆறிருச்சு. போவலாம்" என்றார். பக்கத்தில் அவர் தம்பி நின்றுகொண்டிருந்தான். அந்த நிமிடத்தில்கூட எனக்குப் புரியவில்லை. என் கெட்ட நேரம் என்றுதான் நினைத்தேன்.

லோரி மலையிறங்கியது. ரிங்லெட் தாண்டியதும் வளைவுக்கு வளைவு பலகையில் இடிபட்டு, உள்ளே தீ வைத்த மாதிரி இருந்தது. மலையடியில் தாப்பாவில் ரயிலுக்குக் காத்திருக்கிற கொட்டகையில் காய்ச்சல் கண்டது. இரண்டாம் நாள் புண் உடைந்தது. நாற்றம் தாங்காமல் பக்கத்தில் படுத்திருந்தவர்கள் ஒதுங்கினார்கள். ஆட்களைச் சோதிக்க வந்த ஜப்பான்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னைப் பூட்ஸ் காலால் வெளியே தள்ளினான். நனைந்த சாக்கோடு அங்கே கிடந்தபோதுதான் புரிந்தது. அடியிலிருந்து ஆறவில்லை. ஆறவில்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்துதான் மேலே மூடவிட்டிருக்கிறார். வேறு யார் செய்திருந்தாலும் வயிறு எரிந்து சபித்துவிட்டுப் போயிருப்பேன். அவர் செய்ததை எதில் சேர்ப்பது என்று தெரியாமல் குழந்தைபோல அழுதேன்.

நான் காய்கறி லோரியில் மலையேறி வந்து சேர்ந்த மறுநாளே அவர் தம்பியை எனக்குப் பதிலாகக் கொண்டுபோனார்கள். போகும் முன் வயிறாரச் சாப்பிடட்டும் என்று எங்கள் கோழியைத்தான் அவனுக்கு அடித்துப் போட்டார்களாம். அவன் திரும்பவில்லை.

டிரஸ்ஸர் வந்தார். பேசினில் உப்புத் தண்ணீரோடு, பழையபடி காலையிலேயே வந்தார். வேறு யாரிடம் போவேன்? குப்புறப் படுத்தேன். மறுபடி அறுத்துத் திறந்தார், மறுபடி அடிவரை திரி வைத்தார். வலித்தபோது நிம்மதியாக இருந்தது. இந்தக் கேவலத்தை யாரிடம் சொல்ல? தினமும் என் முதுகுக்குப் பின்னால் அவர் மூச்சு விடுவது மட்டும் கேட்கும். ஒரே ஒரு நாள், திரியைத் தள்ளிக்கொண்டே, "அவனுக்கு மீசைகூடச் சரியா மொளைக்கலடா" என்றார். நான் தலையணையைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் திட்டியிருக்கலாம். தம்பியைப் பறிகொடுத்தவரைத் திட்டவும் முடியாமல், என்னைச் சாகக் கொடுத்தவரை நம்பாமலும் இருக்க முடியாமல், ஜப்பான்காரன் போகும்வரை படுத்துக் கிடந்தேன். புண் ஆறியது, இம்முறை அடியிலிருந்து.

ஜப்பான் சண்டை முடிந்து அவர் வேறு தோட்டத்துக்கு மாறிப்போன அன்று, எங்கள் வீட்டு வாசலில் இந்தப் பேசின் இருந்தது. ஒரு வார்த்தை சொல்லிக்கொள்ளவில்லை. அதுதான் அவர் கேட்கும் மன்னிப்பு என்று நானாக எண்ணிக்கொண்டேன். எத்தனையோ வருடங்கள் அந்த நினைப்பிலேயே அதைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தேன்.

போன மாதம் ரிங்லெட்டில் ஒரு கல்யாணம். பந்தியில் ஒருவர் வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். டிரஸ்ஸரின் மகன். அப்பா காலமாகிச் சில வருடங்கள் ஆகின்றனவாம். "அப்பா சாகுற வரைக்கும் உங்க கதையத்தான் சொல்வாரு. புண்ண ஆறவிடாம வச்சு, சயாமுக்குப் போகாம உங்கள நாந்தான் காப்பாத்துனேன்னு" என்றார். முகத்தில் அவ்வளவு பெருமை. பக்கத்தில், நான் சொல்லி எல்லாம் தெரிந்த என் மனைவி சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "ஆமாப்பா, தினமும் அவருதான் மருந்து போட்டாரு" என்றேன். பொய் இல்லை. ஆனால் பாதிச் சோற்றோடு இலையை மடித்தேன். ஒருமுறை என்னை விற்றார்; பிறகு அதையே கொடையாக்கி ஊரெல்லாம் சொல்லியிருக்கிறார்.

வீட்டுக்கு வந்ததும் என் மனைவி பட்டுப்புடவையைக்கூட மாற்றாமல் நேராகக் குழாயடிக்குப் போனாள். மருமகள் கீரையோடு அங்கே நின்றிருந்தாள். பேசினை எடுத்து அவளிடம் நீட்டி, "இந்தா, இதுலயே அலசு" என்றாள். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"அது முட்டையிட்டுக்கிட்டு இருந்த கோழி" என்றாள்.