தொண்டைக்குள் ஒரு நாண்

போன வாரம் என் தொண்டைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

வாரா வாரம் எழுத்தில் உங்களோடு இவ்வளவு பேசுகிறவள், நேரில் வாய் திறந்தால் பக்கத்தில் இருப்பவருக்கே கேட்காது. அந்தக் கொஞ்சக் குரலும் சில மாதமாகக் கம்மிப்போய், வெறும் காற்றாக வந்துகொண்டிருந்தது.

"கட்டி கிட்டி இருந்தா இன்னா பண்றது? கெளம்பு" என்று வீட்டுக்காரர் வடக்கனந்தலில் பஸ் ஏற்றி, கள்ளக்குறிச்சியில் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் அழைத்துப் போனார்.

சுவரில் கழுத்தைப் பிளந்து காட்டும் படம். நான் ஐந்தாவதோடு நின்றவள்; வாரா வாரம் எழுதினாலும், புதுச் சொல் என்றால் எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். குரல்வளை. அதற்குள் இரண்டு வெள்ளைக் கோடு... குரல் நாண்.

நாணமா? அது முகத்தில் இருக்கிறது என்றல்லவா நினைத்திருந்தேன்?

வீட்டுக்காரர் காதில் கேட்டேன். மனுஷர் அப்படியே ஒப்பித்துவிட்டார். "வெக்கம் தொண்டையிலயா இருக்குதுன்னு கேக்குறா சார்."

டாக்டர் சிரிக்கவில்லை. "நாணம் இல்லம்மா, நாண். வில்லுல கட்டுற கயிறு. ரெண்டும் நடுவுல ஒட்டி அதிர்ந்தாதான் சத்தம்."

மூக்கில் மரத்துப்போகிற மருந்தை அடித்து, நுனியில் கேமரா வைத்த மெல்லிய குழாயை உள்ளே விட்டார். எதிரே டிவி. முதலில் வெற்றிலை மாதிரி ஒரு மூடி. சோறு தண்ணி உள்ளே போய்விடாமல் அது காவலாம். அதைத் தாண்டினால் இளஞ்சிவப்பாய் ஒரு குகை. அடியில் அந்த இரண்டு வெள்ளை நாண்கள். மூச்சு இழுத்தால் விலகின. விட்டால் கொஞ்சம் நெருங்கின. மழை ஓய்ந்த காலையில் கல்வராயன் மலைச் சரிவில் வெள்ளைப் புகை இப்படித்தான் பிரிவதும் சேர்வதுமாக இருக்கும். இத்தனை வருஷம் இது என்னோடேயே இருந்ததா? பார்த்தபடியே எங்கோ மிதந்து போனேன்.

"ஈ சொல்லுங்கம்மா."

சொன்னேன். கோடுகள் கிட்டே வந்து, ஒட்டாமல் நின்றன.

"சத்தமா."

முன்பின் தெரியாத ஆம்பளை முன்னால் ஈ என்று எப்படிக் கத்துவது? இடைவெளி அப்படியே நின்றது.

டாக்டர் முகம் மாறியது. "கட்டி இல்ல. ஆனா நாண் சேரலைன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தரணும். ஆபரேஷன்கூட ஆகலாம்."

இருக்கிற குரலும் போய்விடுமோ?

வீட்டுக்காரர் எழுந்து வந்தார். "அவ எப்பவுமே இப்டித்தான் சார். கல்யாணம் ஆன புதுசுல, ஊமைப் பொண்ணக் கட்டி வச்சிட்டாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்." என் பக்கம் திரும்பினார். "இன்னாத்துக்கு வெக்கம்? நான் சொல்றேன், கூடவே சொல்லு. ஈ... ஈ..."

மிச்சமிருக்கிற பல்லெல்லாம் தெரிய, கன்றுக்குட்டி மாதிரி கத்தினார். வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார்கள்.

நான் சிரித்துவிட்டேன் — குழாயோடு, சத்தமாக.

டிவியில் இரண்டு நாணும் ஓடி வந்து ஒட்டின. ஒட்டி, துடித்தன.

"நல்லாத்தான் சேருது" என்றார் டாக்டர். "கொஞ்சம் வீக்கம், மாத்திரையில அடங்கிடும். ஆனா குசுகுசுன்னு பேசாதீங்க. தொண்டைக்கு அதுவும் கெடுதி. பேசினா வாய் திறந்து பேசுங்க."

வெட்கத்துக்கு மருந்துச் சீட்டு எழுதிக் கொடுத்த டாக்டரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்துவிட்டேன். ஒழுங்காகச் சாப்பிட்டும் வருகிறேன்.

இப்போது வீட்டுக்காரர் காதைப் பொத்திக்கொண்டு அலைகிறார். "சத்தம் ஜாஸ்தியா கீதுடி."

அதனாலென்ன... காதுக்கும் அதே டாக்டர்தானே!