நீலச் சொக்காய்க்காரனுக்காகப் போட்ட சண்டை

இன்றைக்கும் சொல்கிறேன், இரண்டாம் பாகம்தான் நல்ல ஆட்டம். ஆவடி குவார்ட்டர்ஸில் எங்கள் பிளாக்கில் அன்று ஒருத்தரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை. அவர்களில் பாதிப் பேருக்கு இப்போது வழுக்கை விழுந்துவிட்டது, இன்னும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். போகட்டும்.

டிவியில் செருகி விளையாடும் வீடியோ கேம் பெட்டி அப்போது பிளாக்கிலேயே எங்கள் வீட்டில் மட்டும்தான் இருந்தது. அண்ணன் வகுப்பில் முதலாவதாக வந்ததற்கு மாமா வாங்கிக் கொடுத்தது. கூடவே வந்த கேசட்டில் சிவப்புச் சொக்காய் போட்ட ஒருத்தன் துப்பாக்கியோடு ஓடுவான், சுடுவான், தாவுவான். பையன்கள் அதன் மேல் உயிரையே வைத்திருந்தார்கள். பள்ளிக்கூடம் விட்டதும் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வரிசையாக வந்து உட்கார்ந்துவிடுவார்கள். அண்ணன் கடைசிக் கட்டம் வரை போவான். நான் முதல் பள்ளத்திலேயே விழுவேன்.

மண்ணூர்பேட்டையில் ஒரு கடையில் பழைய கேசட்டைக் கொடுத்துவிட்டு வேறொன்று வாங்கி வரலாம். பிடிக்கவில்லையென்றால் ஒரு வாரத்துக்குள் திருப்பிக் கொடுத்துப் பழையதையே எடுத்துக்கொள்ளலாம். இரண்டாம் பாகம் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும் அண்ணன் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய் மாற்றி வந்தான். பிளாக்கே கூடிவிட்டது. கேசட்டின் வாயில் ஊதிச் செருகினோம். நீலச் சொக்காய் போட்ட ஒருத்தன் கையை வீசிக்கொண்டு ஒரு தெருவில் நின்றான். துப்பாக்கி இல்லை. எதிரே வருகிறவர்களெல்லாம் ஜப்பான் எழுத்தில் ஏதோ சொன்னார்கள். பழைய பாட்டும் இல்லை. ஐந்து நிமிஷத்தில் பையன்கள் முகம் தொங்கிப்போயிற்று.

எனக்கோ தலைகால் புரியவில்லை, அவ்வளவு சந்தோஷம். முதல் பாகத்தில் முன்னால்தான் ஓட முடியும், திரும்ப முடியாது, விட்டது விட்டதுதான். இதில் விட்ட இடத்துக்கு மறுபடி போகலாம். கதவைத் தட்டினால் திறப்பார்கள். கொஞ்ச நேரம் சும்மா நின்றால் சாயங்காலமாகி ஜன்னல்களில் விளக்கு எரியும். அவர்கள் பேசுவது புரியவில்லையா, நானே ஒன்று சொல்லிக்கொள்வேன். கிணற்றடியில் நிற்கும் கிழவர் என்னிடம் ஒவ்வொரு தடவையும் தண்ணீர் லாரி வந்துவிட்டதா என்றுதான் கேட்பார். அந்த வாரம் முழுக்க நான் ஒருத்திதான் அதை ஆடினேன். ஆறு கதவுகளைத் திறந்துவிட்டேன்.

இங்கே இன்னொன்றையும் சொல்லவேண்டும். அண்ணன் படித்த பள்ளியில்தான் நானும் படித்தேன். ஒவ்வொரு வருஷமும் புது டீச்சர் என் பெயரையும் அப்பா பெயரையும் படித்ததும் முகம் மலர்ந்து, "நீ அவன் தங்கச்சியா!" என்பார். முதல் பரீட்சை முடிந்ததும் அதையே வேறு தொனியில் கேட்பார். அப்பா ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்ந்து தெற்கேயிருந்து வந்தவர், அதிகம் பேசமாட்டார். பேசுகிற கொஞ்சத்தில், "அண்ணன் எப்பிடிப் படிக்கான் பாரு" என்பது தினம் ஒரு தடவை வந்துவிடும். காதில் வாங்கிக்கொண்டு சாப்பிடுவேன்.

ஞாயிற்றுக்கிழமை, கெடுவின் கடைசி நாள், தீர்ப்புச் சொல்லக் கூடினார்கள். சர்ச்சிலிருந்து நேரே வந்த எதிர்வீட்டுப் பையன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"முதல் பார்ட் எப்டி இருந்துச்சி, இது எப்டி கீது? ஒரே டப்பா மச்சான். இத்த குட்த்துட்டு அத்த வாங்கினு வா."

துப்பாக்கி இல்லை என்றான் ஒருத்தன். பாட்டு இல்லை என்றான் இன்னொருத்தன். சொக்காய் நிறமே சரியில்லை என்றுகூட ஒரு குற்றச்சாட்டு வந்தது. அண்ணன் கேசட்டைப் பிடுங்கிப் பையில் போட்டான். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. வாசற்படியை மறித்துக்கொண்டு நின்றேன்.

"முதல்ல வந்தது மாரியே ரெண்டாவதும் இருக்கணும்னா, ரெண்டாவது இன்னாத்துக்கு? வந்த நாள்லேந்து அது மாரி இல்ல, அது மாரி இல்லன்னு சொல்லிக்கினே கீறீங்களே! இதுக்கு இன்னா வரும்னு ஒர்த்தராவது ஒரு தபா பாத்தீங்களா?"

வீட்டுக்குள் இந்தப் பாஷை பேசினால் அம்மா தொடையில் கிள்ளுவாள். அன்று கிள்ளவில்லை. முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கீரையும் கையுமாக அப்படியே உட்கார்ந்திருந்தாள். அப்பா பேப்பரை மடித்துவைத்தார். பையன்கள் பெரியவர்கள் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்கள். பேச்சில் எல்லாரையும் மடக்கிவிட்டேன் என்று எனக்கு ஒரே பெருமை. அழுகையும் வந்தது, அது ஏனென்று தெரியவில்லை.

அண்ணன் என்னை ஒதுக்கிவிட்டு சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டான். மத்தியானம் சாப்பாட்டு நேரத்துக்குத் திரும்பிவந்து, பையிலிருந்து அதே கேசட்டை எடுத்து என் மடியில் போட்டான்.

"கடை மூடிக் கீது."

"நாயித்துக்கெயம அவங்க மூடவே மாட்டாங்களே!" என்றான் எதிர்வீட்டுப் பையன்.

"மூடிக் கீதுன்னா மூடிக் கீது. போடா."

கடவுள் என் பக்கம் என்று முடிவு செய்துகொண்டேன். சாப்பிட்டுவிட்டு அண்ணன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, அந்த ஆறாவது கதவு எங்கே என்று கேட்டான். கொஞ்ச நேரத்தில் அப்பாவும் வந்தார். அந்தப் பெட்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அதன் பக்கம் எட்டிப் பார்க்காத மனிதர், வேட்டியை ஒதுக்கிக்கொண்டு பாயில் என் எதிரே உட்கார்ந்தார்.

"அதுல அப்பிடி என்னம்மா இருக்கு? அப்பாவுக்கும் சொல்லு."

விடுவேனா? கிழவரை, விளக்கு எரியும் ஜன்னல்களை, திரும்பி நடக்கலாம் என்பதை, எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அப்பா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனால் ஒரு தடவைகூட டிவி பக்கம் திரும்பவில்லை. எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"என் மூஞ்சியவே பாத்துக்கினு இருந்தா எப்டிப்பா புரியும்? அங்க பாருங்க!" என்று அதட்டினேன்.